சத்தம் வைத்து ஆடிய ஒரே ஆட்டம்

போளூரிலிருந்து எங்கள் வீட்டுக்கு வாழ வந்து, பாதியிலேயே எழுந்து போய்விட்ட என் அண்ணிக்கு,

செல்வி எழுதுகிறேன். உங்கள் நாத்தனார். களம்பூரில் என் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீங்கள் போய் மூன்று வருடம் ஆகிறது. இந்த மூன்று வருடத்தில் மனசுக்குள் உங்களோடு பேசாத நாளே இல்லை. வெண்ணிலாவுக்கு முன்பல் விழுந்து முளைத்துவிட்டது, அண்ணன் இளைத்துவிட்டார், அம்மாவுக்கு முட்டி வலி என்று ஊர்க்கதை எல்லாம் சொல்வேன். சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் சொல்லாமல் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தேன்.

போன வாரம் போளூருக்குப் போய் உங்கள் அப்பாவிடம் அதைச் சொல்லிவிட்டேன், அண்ணி. அதைத் தெரிவிக்கத்தான் இந்தக் கடிதம். இதை நான் உறையில் போட்டு ஒட்டப்போவதில்லை. ஆரணியில் நம் வீட்டுத் தெருவே நின்று வேடிக்கை பார்க்க உங்கள் சீர் திரும்பிப் போனது. அப்படியென்றால் இதையும் தெருவே படிப்பதுதானே நியாயம்?

நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. உங்களுக்கு என்னைவிட மூன்று வயது கூட. பெண் பார்த்தபோது, "பொண்ணோட அப்பா தறிய விட்டுட்டு பஸ் ஸ்டாண்டாண்ட கடை வெச்சிருக்காரு" என்று தரகர் சொன்னார். அம்மா அதை மளிகைக் கடை என்று நினைத்துக்கொண்டார். அது வீடியோ கேம் கடை என்றும், காசு போட்டால் ஆடுகிற பெரிய மெஷின்கள் நான்கு அதில் நிற்கின்றன என்றும், தாயில்லாத நீங்கள் பள்ளிக்கூடம் விட்டதும் அங்கேதான் கல்லாவில் உட்கார்ந்திருப்பீர்கள் என்றும், கூட்டம் இல்லாத நேரத்தில் நீங்களே ஆடிப் பழகி, வருகிற கல்லூரிப் பையன்களை எல்லாம் மண்ணைக் கவ்வ வைப்பீர்கள் என்றும் தாலி ஏறிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

தலை தீபாவளிக்கு உங்கள் அப்பா அண்ணனுக்கு மோதிரம் போட்டார். உங்களுக்குப் பட்டுப்புடவை. ஆனால் சீர்த்தட்டில் குங்குமம் வைத்து இன்னொரு பெட்டியும் வந்தது. அதைப் பிரித்தால் உள்ளே கறுப்பாக ஒரு டப்பா, ஒயர் வைத்த இரண்டு கைப்பிடி, மஞ்சள் நிறத்தில் ஒரு கேசட்.

"இது இன்னா, டேப் ரெக்கார்டரா?" என்றார் அம்மா.

"இல்லீங்க அத்தை. டிவியில மாட்டி ஆடறது. எங்க கடையில இருக்கற சண்டை ஆட்டம், அதையே வீட்டுக்குன்னு சின்னதா பண்ணி இருக்காங்க."

"யாரு ஆடறது?"

"நான்தாங்க அத்தை" என்றீர்கள், இதில் ஒளிக்க என்ன இருக்கிறது என்பது போல. அம்மாவின் முகம் போன போக்கை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. சிரித்து முடித்ததும் அழுகை வருகிறது.

முதல்நாள் அதை டிவியில் மாட்டி, படம் வந்ததும் உங்கள் முகம் சுருங்கியது. கடை மெஷினில் பன்னிரண்டு பேர் உண்டாம். நமக்குப் பிடித்த ஆளாக எடுத்துக்கொண்டு எதிராளியை அடிக்கலாமாம். வீட்டுக் கேசட்டில் நான்கே பேர். உங்கள் ஆள் எப்போதும் ஒரு பின்னல்காரி என்று சொல்வீர்கள். பின்னலைச் சுழற்றிக்கொண்டு எகிறி வந்து உதைப்பாளாம். அவளை இதில் காணோம். எங்காவது ஒளிந்திருப்பாளோ என்று அந்த நான்கு பேரையும் திரும்பத் திரும்பத் தள்ளிப் பார்த்தீர்கள். கடைசியில் தொந்தி பெருத்த ஒரு பயில்வானை எடுத்துக்கொண்டீர்கள்.

ஆடும்போது உங்கள் வலது கை விரல்கள் கைப்பிடியை விட்டு இறங்கி அடிக்கடி பாயைத் தட்டுவதைப் பார்த்து, இது என்ன பழக்கம் என்று கேட்டேன்.

"கடையில ஆறு பட்டன்டி. மேல மூணு குத்து, கீழ மூணு உதை. இதுல ரெண்டுதான் இருக்குது. மிச்சம் நாலு எங்க போச்சுன்னு விரல் தேடுது."

"பேஜாரா இருக்குதா அண்ணி?"

"பழகிடும். இருக்கறத வெச்சிகினு ஆட வேண்டியதுதான்" என்றீர்கள். சொன்ன மாதிரியே பழகியும் விட்டீர்கள். எனக்கும் கற்றுக் கொடுத்தீர்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா கண்ணயரும் அந்த ஒரு மணி நேரம்தான் நம் நேரம். தோற்றவர் மறுநாள் தார் சுற்ற வேண்டும் என்பது பந்தயம். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் போடுகிற அந்தக் குட்டிக் கண்டுகளில் பட்டு நூலைச் சுற்றிச் சுற்றி என் கை மரத்துப் போனதுதான் மிச்சம். உங்களை நான் ஜெயித்த நாட்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

அம்மா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. "ஆடறதுன்னா ஆடுங்க. சத்தம் மட்டும் தெருவுல கேக்கக் கூடாது. மருமவ சண்டை பொம்மை ஆடறான்னு ஊரே சிரிக்கும்." அதனால் டிவியின் சத்தத்தை முழுசாகக் குறைத்துவிட்டுத்தான் ஆடுவோம். அடி விழும்போதெல்லாம் நீங்களே வாய்க்குள் 'டிஷ்' என்று மெதுவாகச் சொல்லிக்கொள்வீர்கள்.

ஒருநாள் சொன்னீர்கள்: "கடை மெஷின்ல கெலிச்சா ஒரு பாட்டு வரும்டி. சின்னதுதான், வந்த ஜோருல முடிஞ்சிடும். ஆனா அதுக்காவே ஆடலாம். வீட்டு கேசட்டுல அது இருக்குதா, வெட்டிட்டாங்களான்னு தெரியல. சத்தமே வெச்சதில்லையே."

இதை நீங்கள் சொல்லியிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று எத்தனை முறை யோசித்திருக்கிறேன், தெரியுமா?

அந்த நாளுக்கு வருகிறேன், அண்ணி. உங்களுக்குத் தெரியாததா? ஆனாலும் மற்றவர்கள் படிக்க வேண்டும் என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை களம்பூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. அதற்கு நாலைந்து நாள் முன்னால், ஒரு காலையில் தெருவில் பாவு நீட்டியிருந்தோம். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் அந்த நீள இழைகளை எல்லாம் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, காயவைத்துச் சுருட்டுவோமே, அது. அரக்குச் சிவப்பும் சந்தனமும் கலந்த பாவு. ஒரு முகூர்த்தப் புடவைக்குச் சொல்லி வைத்தது. கஞ்சி போட்டு முடித்த நேரத்தில் பின்தெருவில் ஒரு பெரியவர் தவறிவிட்டதாகச் செய்தி வந்தது. எடுப்பதற்குள் போய்த் தலையைக் காட்ட வேண்டும் என்று அம்மாவும் அண்ணனும் கிளம்பினார்கள். கை கொடுத்துக்கொண்டிருந்த அக்கம்பக்கத்தாரும் கிளம்பினார்கள். "பாவைப் பாத்துக்குங்க. மேகம் தெரிஞ்சா ஜல்தியா சுருட்டிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார் அம்மா. தெருவில் நீங்களும் நானும் மட்டும்தான்.

வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. நான்தான் ஆரம்பித்தேன்.

"அண்ணி, வீட்டுல யாரும் இல்ல. தெருவுலயும் ஆளு இல்ல. இன்னிக்கி சத்தம் வெச்சி ஆடலாமா? அந்தப் பாட்டு வருதான்னு பாத்துடலாம்."

உங்கள் கண்ணில் ஆசை வந்தது. நான் பார்த்தேன். ஆனால் தலையை ஆட்டிவிட்டீர்கள். "வேணாம்டி. சத்தம் வெச்சா மழை வந்தாலும் காதுல விழாது."

"இந்த வெயில்லயா மழை? ஒரே ஆட்டம் அண்ணி. நான் கல்யாணம் ஆகிப் போயிட்டா அப்பறம் யாரு கூட ஆடுவீங்க?"

அப்படிச் சொன்னால் நீங்கள் வருவீர்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனது நான். சுவிட்சைப் போட்டது நான். சத்தத்தைக் கூட்டியதும் நான்தான்.

எப்படி இருந்தது அண்ணி, அந்தச் சத்தம்! ஒவ்வொரு அடிக்கும் கூடம் அதிர்ந்தது. நீங்கள் வாய்விட்டுச் சிரித்தீர்கள். வந்து ஒரு வருடம் ஆகப்போகிறது, உங்கள் சிரிப்பு அவ்வளவு பெரியது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. முதல் ரவுண்டு உங்களுக்கு. இரண்டாவதை எப்படியோ நான் பிடித்துவிட்டேன். மூன்றாவது ரவுண்டில் இரண்டு பேருக்கும் உயிர் கொஞ்சம்தான் பாக்கி. உங்கள் பயில்வானுக்கு என் ஆளைவிட ஒரு நூலளவு கூட இருந்தது.

அப்போதுதான் தெருவிலிருந்து அம்மாவின் அலறல் கேட்டது.

வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மழை கொட்டிக்கொண்டிருந்தது. எப்போது ஆரம்பித்ததோ தெரியாது. கைப்பிடிகளைப் போட்டுவிட்டு ஓடினோம். பாவு நனைந்து தொங்கிக்கொண்டிருந்தது. கஞ்சி கரைந்து இழையோடு இழை ஒட்டி, அரக்குச் சாயம் சந்தனத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. சாவு வீட்டிலிருந்து வந்து குளிக்காமல் அம்மா பாவைத் தொட மாட்டார். அன்று தொட்டார். அண்ணன் ஒரு முனை, நீங்கள் ஒரு முனை. "உள்ள போய் அந்த பாலிதீன் ஷீட்டை எடுத்தாடி!" என்று அம்மா என்னைப் பார்த்துக் கத்தினார்.

நான் உள்ளே ஓடினேன். கூடத்தில் நடந்ததை இதுவரை நீங்கள் உட்பட யாரிடமும் நான் சொன்னதில்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் மற்றதைச் சொல்லிவிடுகிறேன்.

ஷீட்டோடு நான் வந்தபோது மழையே நின்றுவிட்டது. அம்மா தலைமுடி எல்லாம் நனைந்து நடுத்தெருவில் நின்றிருந்தார். துக்கத்துக்குப் போன சனமெல்லாம் திரும்பி வந்து சுற்றி நின்றது.

"எவடி உள்ள போனது? எவடி டிவிய போட்டது?"

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன் அண்ணி. உங்கள் ஈரப்பாதம் என் பாதத்தை அழுத்தி மிதித்தது.

"நான்தாங்க அத்தை. மழை வந்தா காதுல விழாதுன்னு செல்வி சொல்லிச்சி. நான்தான் கேக்கல."

உங்கள் வார்த்தையை எடுத்து எனக்குக் கொடுத்துவிட்டு, என் குற்றத்தை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். பிறகு பின்கட்டில் வைத்து என் காதோடு சொன்னீர்கள்: "ஞாயித்துக்கெழம உன்ன பாக்க வராங்க. பாவை நனைய விட்டுட்டு பொண்ணு ஆடிகினு இருந்தான்னு பேச்சு கெளம்பினா களம்பூரு வரைக்கும் போயிடும். எனக்குத்தான் கல்யாணம் ஆயிடுச்சே. என்ன இன்னா பண்ணிடுவாங்க?"

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்றுதான் அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது. என் தலைக்கு வந்தது உங்கள் தலையில் போய் விழுந்திருக்கிறது என்று அப்போது உறைக்கவில்லை. அம்மா உங்கள் அப்பாவுக்கு ஆள் அனுப்பினார். 'உடனே வரவும்' என்று மட்டும்தான் செய்தி.

அவர் பழக்கூடையோடு வந்தார், அண்ணி. மகள் உண்டாகியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு வாயெல்லாம் பல்லாக வந்தார். அம்மா அவரை உட்காரச் சொல்லவில்லை. சீர் வந்த அதே தட்டில், குங்குமம் இல்லாமல், அந்தப் பெட்டியை வைத்து வாசலில் நீட்டினார்.

"சம்மந்தி, உங்க சீரு உங்ககிட்டயே இருக்கட்டும். பொண்ணுக்கு ஆட்டம் கத்துக்குடுத்து அனுப்பிட்டீங்க. குடும்பம் நாங்க கத்துக்குடுத்துக்கறோம்."

எதிர்வீட்டில், பக்கத்து வீட்டில், தண்ணீர்க் குழாயடியில், எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உங்கள் அப்பா உங்களைப் பார்த்து, "நீயாமா?" என்று கேட்டார்.

"ஆமாம்பா" என்றீர்கள்.

"என் தலைய குனிய வெச்சிட்டியே" என்றார். அவ்வளவுதான். பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார். பழக்கூடை வாசற்படியிலேயே கிடந்தது. அண்ணன் தறிக்குழிக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டார். நான் தறிக்குப் பின்னால் நின்றிருந்தேன். நின்றுகொண்டே இருந்தேன்.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். நாத்தனார் உடைத்ததையும் மருமகள் கணக்கில்தான் சேர்ப்பார்கள் என்பதை நம் வீட்டில் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தலை வாரிப் பூ வைத்துவிட்டது நீங்கள். மாப்பிள்ளை ரைஸ்மில்லில் வேலை என்று தெரிந்ததும், "நம்ம குண்டு பயில்வான் மாதிரி இருந்தா கவலப்படாத. எங்க அடிச்சா உழுவான்னு எனக்குத் தெரியும், சொல்லித் தரேன்" என்று காதில் சொன்னீர்கள். வந்தவர் முருங்கைக்காய் மாதிரி இருந்தார். நீங்கள் காபித் தட்டைப் பிடித்துக்கொண்டு உதட்டைக் கடித்தது எனக்குத் தெரிந்தது. மூன்று நாளைக்கு முன்னால் அப்பா முகம் தொங்கிப் போனதைப் பார்த்தவர், எனக்காக எப்படிச் சிரித்தீர்கள்?

எனக்குக் கல்யாணம் ஆயிற்று. நீங்கள் உண்டானீர்கள். வளைகாப்புக்கு உங்கள் அப்பா வரவில்லை. பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போக ஆள் இல்லை. ஆரணியிலேயே வெண்ணிலா பிறந்தாள். யாரிடமோ ஒரு வெள்ளி அரைஞாண் கொடுத்தனுப்பினார் உங்கள் அப்பா, அதுவும் வாய்வார்த்தை இல்லாமல். பதினைந்து நாள் உங்களோடு இருக்க வந்தபோது கேட்டேன்: "அண்ணி, நான் சொல்லிடட்டுமா?"

"பைத்தியமா நீ? உங்க வீட்டுக்காரரு வீட்டுல இன்னா நெனப்பாங்க? எங்கப்பாவுக்கு கோவம் தணிஞ்சா தானா வருவாரு. எங்கப்பாவ எனக்குத் தெரியாதா?"

நீங்கள் சொன்னதை நான் கேட்டுக்கொண்டேன். எனக்கு அது வசதியாக இருந்தது. இதையும் தெரு படிக்கட்டும்.

அவர் வரவில்லை. ஆரணிக்கும் போளூருக்கும் எவ்வளவு தூரம்? பஸ் ஏறிக் கண்ணை மூடித் திறந்தால் வந்துவிடும். ஐந்து வருடத்துக்கு மேல் அந்தத் தூரம் தாண்டப்படாமல் கிடந்தது. பிறகு உங்களுக்கு மஞ்சள் காமாலை வந்தது. முதலில் கீழாநெல்லி, பிறகு வேலூர் ஆஸ்பத்திரி. நான் பக்கத்தில் இருந்த அந்த நான்கு நாளும் உங்கள் வலது கை விரல்கள் போர்வையைத் தட்டிக்கொண்டே இருந்தன. கை நடுங்குகிறது என்று நர்ஸ் எழுதிக்கொண்டு போனார். அது நடுக்கம் இல்லை என்று எனக்குத் தெரியும். மேலே மூன்று, கீழே மூன்று.

"அண்ணி, அன்னிக்கி மழையில..." என்று ஆரம்பித்தேன்.

"வெண்ணிலாவுக்கு தல வாரி விட்டியா?" என்று கேட்டீர்கள்.

வாரிவிட்டேன் என்றேன். கண்ணை மூடிக்கொண்டீர்கள். என்னைப் பேசவிடக் கூடாது என்றா கேட்டீர்கள்? இல்லை, உண்மையாகவே பிள்ளையின் நினைப்பா? எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

உங்கள் அப்பா வந்தார். உங்களைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது வந்தார். பெட்டியை வாங்கிக்கொண்டு போன அதே வாசற்படியில் நின்றார். எல்லோரும் கூப்பிட்ட பிறகுதான் உள்ளே வந்தார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

போன வாரம் ஆரணிக்குப் போயிருந்தேன். அம்மா உளுந்து காயப்போட்டுவிட்டு வெண்ணிலாவைக் காவல் வைத்திருக்கிறார். அவள் பாண்டி ஆடிய நேரத்தில் ஆடு வந்து வாய் வைத்துவிட்டது. அதற்கு அம்மா போட்ட கூச்சலை நான் உள்ளே இருந்து கேட்டேன். சற்று நேரத்தில் வெண்ணிலா என் மடியில் வந்து விழுந்தாள்.

"அத்தை, எங்கம்மா கெட்டவங்களா? பாவை நனைய விட்டுட்டு ஆடிகினு இருந்தாங்களாமே. அந்த புத்திதான் எனக்கும் வந்திருக்குதாம். ஆயா சொல்றாங்க."

எட்டு வயதுப் பிள்ளை, அண்ணி. நீங்கள் எனக்காகச் சுமந்ததை அம்மா இப்போது அவள் தலையில் இறக்கி வைத்துவிட்டார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எழுந்து போய் அம்மா முன்னால் நின்றேன்.

"அம்மா, அது நான். டிவிய போட்டது நான். அண்ணி வேணாம்னுதான் சொன்னாங்க. நான்தான் கைய புடிச்சி இட்டுகினு போனேன்."

அம்மாவின் கை முறத்தில் அப்படியே நின்றது. "இப்ப எதுக்குடி அந்தப் பேச்சு?" என்றார். குரல் மட்டும் உள்ளே போய்விட்டது. உள்ளறையில் தறிச் சத்தமும் நின்றிருந்தது. அண்ணன் குழியிலிருந்து ஏறி வந்தார். என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். அவர் சட்டையை எடுத்து மாட்டினார், வெண்ணிலாவின் செருப்பைத் தேடி எடுத்து வைத்தார். "போளூரு பஸ்ஸுக்கு நேரமாச்சி. பாப்பாவையும் இட்டுகினு போ. அவரு கால்ல உழுந்து சொல்லு" என்று மட்டும் சொன்னார். பஸ் ஸ்டாண்டு வரை கூடவே வந்தார். வழியெல்லாம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

உங்கள் கடையில் இப்போது செல்போன் ரீசார்ஜ் செய்கிறார்கள், அண்ணி. மெஷின்கள் எல்லாம் போய்விட்டன. உங்கள் அப்பா பின்னால் இருக்கிற அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். காது கொஞ்சம் மந்தம். நான் ஒவ்வொன்றையும் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. முன்கடையில் நின்றவர்கள் எல்லாம் கேட்டார்கள். கேட்கட்டும் என்று சொன்னேன்.

எல்லாம் கேட்டு முடித்து, "வேணாம்னு சொன்னது அவதானா?" என்றார்.

"ஆமாங்க மாமா. சத்தம் வெச்சா மழை வந்தாலும் காதுல விழாதுன்னு சொன்னாங்க."

"நான் கேட்டேனேமா. நீயாமான்னு கேட்டேன். ஆமான்னா. எம்பொண்ணு பொய் சொல்ல மாட்டான்னு நம்பிட்டேனே" என்று தலையில் அடித்துக்கொண்டார். "பொய் சொல்ற புள்ளைய பெத்திருந்தா கூட சந்தேகப்பட்டு இருப்பேனே." வெண்ணிலா பயந்து என் புடவையைப் பிடித்துக்கொண்டாள். நான் அவர் காலில் விழுந்தேன். அவர் என்னைத் திட்டவில்லை, தூக்கிவிடவும் இல்லை. ரொம்ப நேரம் அழுதார்.

பிறகு எழுந்து பீரோவுக்கு மேலே கையை விட்டார். அந்தப் பெட்டி. நம் வீட்டிலிருந்து எப்படிப் போனதோ அப்படியே இருந்தது. விற்கவும் மனசு வரவில்லையாம், பிரிக்கவும் மனசு வரவில்லையாம். மூடியின் ஓரத்தில் அந்தத் தலை தீபாவளிக் குங்குமம் காய்ந்து ஒட்டியிருந்தது. அதை வெண்ணிலாவின் கையில் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்:

"அன்னிக்கி யாருமா கெலிச்சது?"

இத்தனை வருடத்தில் யாரும் இதைக் கேட்டதில்லை. கடைசியில் சொல்கிறேன் என்று சொன்னேனே, அது இதுதான்.

ஷீட் எடுக்க நான் உள்ளே ஓடியபோது டிவி ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு கைப்பிடியும் பாயில் கிடக்க, அந்த இரண்டு பேரும் அடிக்காமல் எதிரெதிரே நின்றுகொண்டிருந்தார்கள். மேலே நேரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று, இரண்டு, ஒன்று. நேரம் முடிந்தால் யாருக்கு உயிர் கூட இருக்கிறதோ அவருக்குத்தான் வெற்றி என்று நீங்கள்தானே சொல்லிக் கொடுத்தீர்கள்? உங்கள் பயில்வான் இரண்டு கையையும் தூக்கினான். பாட்டு வந்தது.

வெளியே பாவு நனைந்துகொண்டிருக்க, நான் அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன், அண்ணி. முடியும்வரை நின்றேன். பிறகுதான் டிவியை அணைத்தேன். அப்படி நின்றதை எந்த வாயால் உங்களிடம் சொல்வேன் என்றுதான் அந்தப் பாட்டைப் பற்றியே பேசாமல் இருந்துவிட்டேன். இதற்காகவா நீங்கள் கேட்க ஆசைப்பட்ட ஒன்றை உங்களிடமிருந்து மறைத்தேன்?

"அண்ணிதாங்க மாமா கெலிச்சாங்க" என்றேன். "பாட்டு வந்துதுங்க."

"வந்துதா?" என்றார். "அவளுக்கு அந்தப் பாட்டுன்னா உசிரு. கடையில எவன் கெலிச்சாலும் கல்லாவுல உக்காந்துகினே தாளம் போடுவா." கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாற்காலிக் கையில் மூன்று விரலால் அந்தத் தாளத்தைத் தட்டிக் காட்டினார். அன்று கூடத்தில் நான் கேட்ட அதே தாளம்தான்.

வரும் தீபாவளிக்கு உங்கள் அப்பா ஆரணிக்கு வருகிறார். சரி என்று சொல்லிவிட்டார். பஸ் ஸ்டாண்டிலிருந்து நம் தெரு முழுக்க, அதே தட்டில், புதுக் குங்குமம் வைத்து, அந்தப் பெட்டியை என் தலையில் சுமந்து வருவேன். யாராவது என்ன என்று கேட்டால் நின்று சொல்லிவிட்டு நடப்பேன். வீட்டில் அதை மாட்டி, வெண்ணிலா கையில் உங்கள் கைப்பிடியைக் கொடுத்து, தெருக்கதவைத் திறந்து வைத்து, சத்தத்தை முழுசாகக் கூட்டுவேன். இத்தனை வருடம் கிடந்த டப்பா, படம் வருமோ வராதோ தெரியாது. வராவிட்டால் ரிப்பேர் கடையில் கொடுத்தாவது உயிர் வர வைப்பேன். அம்மாவும் கூடத்தில் உட்கார்ந்து கேட்டுத்தான் ஆக வேண்டும்.

அந்தப் பாட்டை வெட்டவில்லை, அண்ணி. வீட்டுக் கேசட்டிலும் இருக்கிறது. உங்களுக்காக வந்தது. நீங்கள்தான் மழையில் நின்றுகொண்டிருந்தீர்கள்.

நீங்கள் சொன்ன பொய்யில் வாழ்ந்துகொண்டிருக்கும்
உங்கள் நாத்தனார்,
செல்வி